மார்கழிக் குடிலில் முடையும் பெட்டி

மேல்நாட்டிலிருந்து வரும் கிறிஸ்து பிறப்பு வாழ்த்து மடல்களில் குளிர்காலம் எவ்வாறு காட்சியளிக்கும் என்பதை நாம் அனைவரும் அறிவோம். கூரையின்மேல் வெண்பனி படிந்திருக்கும். மரங்கள் இலையுதிர்ந்து நிற்கும். வீட்டினுள்ளே கணப்பு எரியும். இராமநாதபுரம் மாவட்டத்தில், சாயல்குடிக்கு அருகே, மன்னார் வளைகுடாவை நோக்கி அமைந்திருக்கும் மாரியூரிலோ அதன் அண்டைக் கரையூர்களிலோ அத்தகைய குளிர்காலத்தை எவரும் கண்டதில்லை. நமக்கு வாய்த்த குளிர்காலம் வேறு. ஐப்பசி, கார்த்திகையைக் கூதிர் என்றும், மார்கழி, தையை முன்பனி என்றும் நம் முன்னோர் பிரித்து வைத்தார்கள். வாடைக்காற்று வீசும், வானம் மூடிக்கொள்ளும், ஆண்டில் பெய்யும் மழையின் பெரும்பகுதி இரண்டே மாதங்களில் கொட்டித் தீர்க்கும். பின்னர் மார்கழி வைகறைகளில் பனை ஓலைகளிலிருந்து பனிநீர் சொட்டும் ஓசை கேட்கும்.

இந்த நான்கு மாதங்களில் ஒரு சிறிய ஓலைக் குடிலுக்குள் நடைபெறும் வாழ்வைப் பற்றியும், அங்கே பிறக்கும் கைவேலையைப் பற்றியும், அவ்வேலை நம் குடும்பங்களுக்கு விடுக்கும் அழைப்பைப் பற்றியும் இக்கட்டுரையில் சிறிது சிந்திப்போம்.

தொழில்கள் ஓயும் காலம்

மாரியூர் பழமை வாய்ந்த பூவேந்தியநாதர் கோயிலால் பெயர்பெற்ற ஊர். அதன் பெயரை இன்று வெளியுலகுக்கு எடுத்துச் செல்வது உப்பு. தமிழ்நாடு அரசு 1974ஆம் ஆண்டில் நிறுவிய உப்பு நிறுவனத்தின் மாரியூர் – வாலிநோக்கம் உப்பளங்கள் இக்கரையிலேயே விரிந்து கிடக்கின்றன. உப்பு, பனை, கடல் ஆகிய மூன்றுமே இவ்வட்டாரத்து ஏழைக் குடும்பங்களுக்குச் சோறூட்டும் தாய்மார்.

இம்மூவரும் குளிர்காலத்தில் கை ஓய்கின்றனர். வெயில் விளைவிக்கும் உப்பை மழை கரைத்துவிடும். ஆகவே பருவமழை வந்ததும் பாத்திகள் வெறும் நீர்நிலைகளாகிவிடும். மாசி, பங்குனியில் பாளை சீவத் தொடங்கிய பனைத் தொழிலாளி, ஆடி, ஆவணியோடு பதநீர் இறக்குவதை நிறுத்திவிடுவான். விளையில் போட்டிருந்த விடிலியில், பதநீர் காய்ச்சிய அடுப்பும் அணைந்துபோகும். கடலைப் பொறுத்தவரையில், வாடைக் காலத்தில் நம் தென்கடல் வடகடலைவிடச் சற்று அடங்கியே இருக்கும். ஆயினும் புயல் எழுந்தால் அந்த அடக்கத்தை நம்ப முடியாது. 1964ஆம் ஆண்டு டிசம்பர் 22ஆம் நாள் நள்ளிரவில் தனுஷ்கோடியைக் கடல் விழுங்கியது இதே மார்கழியில்தான். அங்கே இன்றும் நிற்கும் இடிந்த ஆலயச் சுவர்கள் அவ்விரவை நினைவூட்டுகின்றன. புயற்கூண்டு ஏற்றப்பட்டால் வள்ளங்கள் கரையேறிவிடும்.

இவ்வாறு வெளியிலே வேலை ஓயும்போது, குடும்பம் முழுவதும் பத்தடிக்குப் பன்னிரண்டடி அளவுள்ள ஒரே அறைக்குள் அடங்குகிறது. அடுப்பும் அங்கே, படுக்கையும் அங்கே, பரணில் கருப்பட்டிச் சிப்பமும், சுவரில் இயேசுவின் திருஇருதயப் படமும் அங்கேயே. ஆண்களின் வருவாய் சுருங்கும் இம்மாதங்களில் அந்த அடுப்பை அணையாமல் காப்பது எது? மூலையில் சுருட்டி வைத்திருக்கும் பனையோலைக் கட்டும், அதை முடையும் பெண்களின் விரல்களுமே.

பனி செய்யும் உதவி

ஓலை முடைதலை அருகிலிருந்து பார்த்தவர்களுக்கு ஒன்று தெரியும். காய்ந்த ஓலை வெயிலில் சொன்னபடி கேளாது, மடக்கினால் முறியும். கோடையில் அதன்மீது நீர் தெளித்துப் பதப்படுத்த வேண்டும். அல்லது வெயிலேறுமுன் வேலையை முடித்துவிட வேண்டும். மார்கழியிலோ அந்த வேலையைப் பனியே செய்து கொடுக்கிறது. இரவில் முற்றத்தில் பரப்பிய ஓலை காலையில் துணிபோல் துவண்டு கைக்கு இணங்கும். பிறர் முடங்கிக் கிடக்கும் குளிரையே தன் துணையாக்கிக் கொள்ளும் தொழில் இது.

ஆனால் ஈரம் அளவு மீறினால் அதுவே பகையாகும். மழை நாளில் ஓலையில் பூஞ்சணம் பிடித்துக் கருமைப் புள்ளிகள் விழும். அத்தகைய பெட்டியை எவரும் வாங்க மாட்டார்கள். எனவே முடைந்தவற்றை அடுப்புக்கு மேலே பரணில் அடுக்கி, புகையும் சூடும் படும்படி வைப்பார்கள். இடம் போதாத குடிலிலும் எந்தப் பொருளுக்கு எந்த இடம் என்ற ஒழுங்கு தவறாது.

முதலில் ஓலையிலிருந்து ஈர்க்கு நீக்கப்படுகிறது. பின்பு ஒரே அகலத்தில் ஓலை வாரப்படுகிறது. சில கீற்றுகளுக்குச் சாயம் ஏற்றப்படுகிறது. தரையில் சதுரமாகத் தொடங்கும் முடைவு, மூலைகளில் மடங்கி மேலேறி, வாய்ப்புறத்தில் வட்டமாக முடிகிறது. இறுதியில் விளிம்பை நாரால் பொத்தி உறுதி செய்கிறார்கள். கொட்டான், கடகம், சுளகு, தடுக்கு, பாய், விசிறி, மூடியுள்ள பெட்டி என அதே ஓலை எத்தனை வடிவங்களை எடுக்கிறது! எந்தக் கீற்றை எங்கே நுழைத்தால் எந்தக் கட்டம் மலரும் என்பது வரைபடத்தில் எழுதி வைக்கப்பட்டதன்று. அது தாயின் விரல்களில் இருக்கிறது. அவளருகே அமர்ந்திருக்கும் மகளின் கண்வழியே அவளது விரலுக்கு இறங்குகிறது.

சிறு குழந்தைக்கு முதலில் கிடைப்பது கழிவோலையில் செய்த காற்றாடியும் கிலுகிலுப்பையும். பின்னர் அக்குழந்தை தானே தடுக்கு முடையப் பழகும். விளிம்பு பொத்தும் வேலை கடைசியாகவே கையில் கொடுக்கப்படும். வீட்டில் இடம் குறைவாயிருப்பதே இங்கே நன்மையாகிறது. வேலை ஓர் அறையிலும் குழந்தை மற்றோர் அறையிலும் இருந்தால் இப்பாடம் நடவாது.

வனத்துப் புனிதர்களின் ஓலை

பனையோலை முடைவதைப் படிப்பில்லாதவர்களின் பிழைப்பென்று ஒதுக்குவோர் நம்மிடையே உண்டு. அவர்கள் திருச்சபையின் வரலாற்றைச் சற்றுத் திரும்பிப் பார்ப்பது நலம்.

நான்காம் நூற்றாண்டில் எகிப்து நாட்டுப் பாலைவனங்களில் சிறு குடில்களை அமைத்துத் தவம் செய்த துறவிகளின் அன்றாடத் தொழில் எது? அந்நாட்டுப் பேரீந்து ஓலையைக் கொண்டு கயிறு திரிப்பதும், பாயும் கூடையும் முடைவதுமேயாகும். நம் மக்கள் வனத்து அந்தோணியார் என்று அழைக்கும் புனிதர், 356ஆம் ஆண்டில் இறையடி சேர்ந்தவர், ஒரு நாள் மனச்சோர்வில் வாடினார். அப்போது தம்மைப் போன்ற ஒருவர் எதிரே உட்கார்ந்து ஓலைக்கயிறு திரிப்பதையும், இடையே எழுந்து செபிப்பதையும், மீண்டும் அமர்ந்து திரிப்பதையும் கண்டார். வந்தவர் வானதூதர், காட்டிய வழி, வேலையும் செபமும் மாறி மாறி வரும் வாழ்க்கை. இந்நிகழ்ச்சியைப் பண்டைத் துறவியரின் மரபு நமக்குப் போற்றித் தந்திருக்கிறது.

அவருக்கு மூத்தவரான வனத்துச் சின்னப்பர் உடுத்தியிருந்ததே ஓலையால் முடைந்த ஆடை என்று புனித எரோணிமுஸ் எழுதி வைத்தார். அவர் மறைந்தபின் அந்த ஓலையாடையை அந்தோணியார் எடுத்துச் சென்று, பாஸ்கா, பெந்தேகோஸ்து ஆகிய பெருவிழாக்களில் அணிந்துகொண்டாராம். சின்னப்பரின் திருநாள் ஜனவரி 15. அந்தோணியாரின் திருநாள் ஜனவரி 17. பொங்கலை ஒட்டிய தை முதல் நாட்களில், நம் வீடுகளில் பனங்கிழங்கு அவியும் வேளையில், இவ்விருவரையும் திருச்சபை நினைவுகூர்கிறது. நம் தாய்மார் குடிலில் அமர்ந்து ஓலை முடையும் அதே பருவத்தில் ஓலை முடைந்த புனிதரின் திருநாளும் வருவது நெஞ்சுக்கு இதமான பொருத்தமன்றோ!

கை வேலையில் இருக்கும்போது நாவும் மனமும் ஓய்வாக இருக்கின்றன என்பதை அத்துறவிகள் கண்டுகொண்டார்கள். நம் பாட்டிமார் இதை எந்த நூலிலும் படிக்காமலே அறிந்திருந்தனர். மாலையில் மூத்தவள் மணிகளை உருட்டிச் செபமாலை சொல்ல, மற்றவர்கள் கையில் ஓலையோடு பதிலுரைக்கும் வீடுகள் இன்றும் உண்டு. அங்கே செபத்தால் வேலை கெடுவதில்லை; வேலையால் செபமும் கெடுவதில்லை.

நாசரேத்தின் மூன்று பாடங்கள்

1964ஆம் ஆண்டு, தனுஷ்கோடி அழிந்த அதே ஆண்டின் தொடக்கத்தில், ஜனவரி 5ஆம் நாள், திருத்தந்தை ஆறாம் பவுல் நாசரேத்தூருக்குத் திருப்பயணியாகச் சென்றார். அங்கு ஆற்றிய உரையில், அச்சிற்றூர் வீட்டை ஒரு பள்ளிக்கூடமாகக் கண்டு, அதனிடம் கற்க வேண்டியவை மூன்று எனக் கூறினார். முதலாவது அமைதி, இரண்டாவது குடும்ப வாழ்வு, மூன்றாவது உழைப்பு. திருக்குடும்பத் திருவிழாவன்று திருச்சபையின் செபநூலில் இன்றும் அவ்வுரை வாசிக்கப்படுகிறது.

நாசரேத்தின் வீடுகள் பாறையைக் குடைந்த குகையோடு இணைந்த சிற்றில்லங்கள் என்பதை அகழ்வாராய்ச்சியாளர் கண்டறிந்துள்ளனர். அத்தகைய ஒரு சிறு வீட்டில் இறைமகன் முப்பது ஆண்டுகள் அளவும் உலகறியாமல் வாழ்ந்தார். சூசையப்பரின் கையிலிருந்து அவர் கற்றது கைத்தொழில். ஊரார் அவரைத் தச்சர் என்றே அறிந்திருந்தனர். அங்கேயும் குளிர்கால மழை உண்டு. ஒரே விளக்கின் ஒளியும் உண்டு. தந்தையின் கையைப் பார்த்துக் கற்கும் பிள்ளையும் உண்டு.

மாரியூர்க் கரையின் குடிலை இதனோடு ஒப்பிடுவது மிகையாகுமா? அன்று. மழை இரைச்சலில் வெளியுலகு அடங்கும்போது அமைதி கிடைக்கிறது. ஒரே அறையில் தாயும் தந்தையும் பிள்ளைகளும் கூடியிருக்கும்போது குடும்ப வாழ்வு கிடைக்கிறது. கையில் ஓலை இருக்கும்போது உழைப்பு கிடைக்கிறது. பொருளை நம் கை சேர்ப்பதற்கும், நம் கவனத்தைக் கைபேசியின் சிறு திரை இழுத்துச் செல்வதற்கும் உள்ள வேற்றுமையைப் பெற்றோர் எண்ணிப் பார்க்க வேண்டும். ஒரே அறையில் நால்வர் இருந்தும், நால்வரும் நான்கு உலகங்களில் இருப்பார்களாயின், அந்த நெருக்கத்தின் நன்மை எங்கே போயிற்று?

சிறையிலும் குடிலிலும் எழுந்த எழுத்து

இதே மாவட்டத்து மண்ணில் குளிர்கால அடைப்புக்குள்ளிருந்து எழுந்த எழுத்து ஒன்று உண்டு. புனித அருளானந்தர் 1693ஆம் ஆண்டு ஜனவரியில் கைதாகி, இறுதியில் ஓரியூரில் காவலில் வைக்கப்பட்டார். எழுதுகோலும் மையும் அவருக்கு இல்லை. கரியை நீரில் கரைத்து மையாக்கி, ஒரு துரும்பைக் கோலாக்கித் தம் உடன்துறவியருக்கு மடல் எழுதினார். பிப்ரவரி 4ஆம் நாள் அவர் தலை துண்டிக்கப்பட்டது. 1947ஆம் ஆண்டில் அவருக்குப் புனிதர் பட்டம் அளிக்கப்பட்டது. மறைசாட்சியின் இறுதிச் சொற்கள் கரியும் துரும்பும் கொண்டே நம்மை வந்தடைந்தன.

அவருக்குப் பின் வந்த வீரமாமுனிவர் சூசையப்பரையே காப்பியத் தலைவராக்கித் தேம்பாவணி பாடினார். 3 காண்டங்களும், 36 படலங்களும், 3615 பாடல்களும் கொண்ட அப்பெருங்காப்பியத்தின் நாயகன் அரசனல்லன். சிறு வீட்டில் உழைத்து வாழ்ந்த ஒரு தச்சன். பனையோலையில் புள்ளி குத்தினால் ஓலை கிழியும் என்பதால், ஏடெழுதுவோர் புள்ளியை விட்டுவிடுவது வழக்கம். அதனால் எகரமும் ஏகாரமும், ஒகரமும் ஓகாரமும் மயங்கின. அம்மயக்கம் நீங்க எழுத்து வடிவத்தைத் திருத்தி அமைத்தவரும் அம்முனிவரே. நம் முன்னோரின் இலக்கியமும் மருத்துவமும் நமக்கு வந்து சேர்ந்தது ஓலையின் வழியே. பெட்டி முடையும் பெண்ணின் கையில் இருப்பதும் அதே ஓலை.

எரித்துவிட்ட கூடைகளும் எரிக்க முடியாத கூடைகளும்

இனி சற்றுக் கசப்பான உண்மைக்கு வருவோம். எகிப்துத் துறவிகளுள் பவுல் என்னும் ஒருவரைப் பற்றி ஐந்தாம் நூற்றாண்டு ஆசிரியரான காசியன் எழுதியுள்ளார். அவரது குடில் ஊர்களிலிருந்து ஏழு நாள் பயணத் தொலைவில் இருந்தது. பொருளைச் சந்தைக்குக் கொண்டு செல்லும் கூலி, பொருளின் விலையைவிட மிகுதி. எனினும் அவர் நாள்தோறும் ஓலை சேர்த்து வேலை செய்தார். ஆண்டு முடிவில் குகை நிறைந்ததும் அத்தனையையும் தீயிலிட்டுவிட்டு, புத்தாண்டில் மீண்டும் தொடங்கினார். உழைப்பு உள்ளத்தைத் தூய்மையாக்கும் என்பதற்கு இது அரிய சான்று.

ஆனால் அத்துறவிக்குப் பேரீந்தும் சிறு தோட்டமும் இருந்தன. பள்ளிக்கு அனுப்ப வேண்டிய பிள்ளைகள் இல்லை. நம் கரையூர்த் தாய் தன் பெட்டிகளை எரித்துவிட்டு உறங்கச் செல்ல முடியாது. அவளுக்கு விலை வேண்டும். ஓலைக்காக ஒருவர் உயிரைப் பணயம் வைத்து மரம் ஏறியிருக்கிறார். அதை உலர்த்தி, வார்ந்து, சாயமிட்டு, முடைந்து, பொத்த வேண்டியிருக்கிறது. அத்தனையும் முடிந்த பெட்டியைக் கையிலெடுத்து, ஓலைதானே என்று பாதி விலைக்குக் கேட்கிறோம். நகரக் கடையில் ஒட்டியிருக்கும் விலைச்சீட்டைக் கண்டு வாய் திறவாத நாம், வாசலில் வந்து நிற்கும் ஏழையிடம் மட்டும் பேரம் பேசுகிறோம். கொடுக்கப்படாத கூலி இறைவனின் செவியில் கூக்குரலிடுகிறது என்று யாகப்பர் தம் திருமுகத்தில் எச்சரித்தது பெருநிலக்கிழார்களை மட்டுமோ? திருத்தந்தை இரண்டாம் அருள் சின்னப்பர் 1981ஆம் ஆண்டில் மனித உழைப்பைக் குறித்து வெளியிட்ட சுற்றுமடலில், உழைப்பின் மதிப்பை முதன்மையாக அளக்க வேண்டியது செய்த பொருளைக் கொண்டன்று, அதைச் செய்யும் மனிதரைக் கொண்டே என்று தெளிவாக்கினார்.

நியாய விலை கிடையாததால்தான் மகள் இத்தொழிலைக் கற்க மறுக்கிறாள். மரமேறுவோர் குறைந்து வருகின்றனர். செங்கற் சூளைகளுக்காகப் பனைகள் வெட்டப்பட்ட கதையை நாம் அறிவோம். பனையை வெட்ட மாவட்ட ஆட்சியரின் இசைவு வேண்டும் என்று தமிழக அரசு 2021ஆம் ஆண்டில் அறிவித்தது வரவேற்கத்தக்கது. மரம் பிழைத்து, கை மறந்துபோனால் என்ன பயன்?

பெரிய வீட்டில் ஒரு சிறு இடம்

குடிசையைப் போற்றுவதால், ஏழைகள் என்றும் குடிசையிலேயே இருக்க வேண்டும் என்று எவரும் பொருள்கொள்ள வேண்டாம். ஒழுகும் கூரையின் கீழ், நனைந்த பாயில், காய்ச்சலோடு கிடக்கும் குழந்தையைக் கண்ட எவரும் அவ்வாறு சொல்லத் துணியார். உறுதியான வீடு மனிதரின் உரிமை. 2011இல் தொடங்கிய பசுமை வீடுகள் திட்டத்தில் 300 சதுர அடியும், 2016 முதலான பிரதமர் ஊரக வீட்டுத் திட்டத்தில் குறைந்தது 25 சதுர மீட்டரும், 2024இல் அறிவிக்கப்பட்ட கலைஞரின் கனவு இல்லம் திட்டத்தில் 360 சதுர அடியும் வகுக்கப்பட்டன. குடிசைகள் மறையட்டும், மகிழ்வோம்.

ஆயினும் குடிசை மறையும்போது அதன் பள்ளிக்கூடமும் மறைந்துவிடக் கூடாது. சிமெண்டுத் தளத்தில் திண்ணையில்லை. புகை படரும் பரணில்லை. ஓலையைப் பரப்ப முற்றமில்லை. கனவு இல்லத்தின் 360 சதுர அடியில் 300 சதுர அடிக்கே கான்கிரீட் தளம். எஞ்சிய 60 சதுர அடியைத் தீப்பிடிக்காத வேறு கூரையால் அமைத்துக் கொள்ளலாம். வீடு கட்டும் குடும்பத்தார் அந்த 60 சதுர அடியைக் கைவேலைக்கும் குடும்பச் செபத்திற்கும் உரிய தாழ்வாரமாக அமைக்கலாமே! சுவர் எழும்புமுன் எண்ணிப் பார்த்தால் இதற்குத் தனிச் செலவு பெரிதில்லை.

பங்குக் குடும்பங்கள் செய்யக்கூடியவை

தமிழ்நாட்டில் ஒருமுறை பயன்படுத்தி எறியும் பிளாஸ்டிக் பொருட்களுக்கு 2019ஆம் ஆண்டு ஜனவரி 1 முதல் தடை உள்ளது. நம் பங்குத் திருவிழாக்களிலும் திருமணங்களிலும் தாம்பூலத்தைப் பிளாஸ்டிக் பையில் கொடுப்பதை விடுத்து, ஓலைக் கொட்டானில் கொடுக்கலாம். திருவிழாவுக்கு முதல் நாள் வந்து கேட்டால் கிடையாது. கார்த்திகையிலேயே சொல்லி வைத்து, முன்பணம் கொடுத்தால் வேலையற்ற மாதங்களில் பல அடுப்புகள் எரியும். சிவகங்கைச் சீமையில் செட்டிநாட்டுக் கொட்டான் மறையும் நிலையிலிருந்து மீட்கப்பட்டு, புவிசார் குறியீடும் பெற்றது. நல்ல விலையும் நல்ல வேலைப்பாடும் சேர்ந்தால் தொழில் பிழைக்கும் என்பதற்கு அது சான்று.

குருத்தோலை ஞாயிறுக்கு வேண்டிய சிலுவைகளை முடைந்து தரும் பெண்களுக்கு அதற்குரிய கூலி தரப்படட்டும். கோயில் வேலை என்பது கூலியில்லா வேலை ஆகிவிடக் கூடாது. அரையாண்டு விடுமுறையில் மறைக்கல்விப் பிள்ளைகளுக்கு ஊரிலுள்ள மூத்த தாய் ஒருத்தியை ஆசிரியையாக அமர்த்தி, ஓலை முடையக் கற்பிக்கலாம். எழுதப் படிக்கத் தெரியாத அவளைப் பிள்ளைகள் ஆசிரியை என்று அழைக்கும் நாள், அவர்கள் பெறும் மறைக்கல்விகளுள் ஒன்றாகும். ஐப்பசி மழைக்கு முன் வீட்டுக்கொரு பனங்கொட்டையை ஊன்றுவதும் எளிது. அது ஓலை தரப் பல்லாண்டுகள் ஆகும். நாம் முடையும் ஓலையும் நாம் நட்ட மரத்தினதன்று.

அன்புக் குடும்பத்தினரே, திருவருகைக் காலத்தில் நம் வீடுகளில் குடில் கட்டுகிறோம். ஓலையால் கூரை வேய்ந்து, வைக்கோல் பரப்பி, பாலன் இயேசுவைக் கிடத்தி, அக்குடிலின் முன் முழந்தாளிடுகிறோம். அடுத்த தெருவில், மெய்யான ஓலைக் கூரையின் கீழ், மெய்யான ஒரு தாய் சிம்னி விளக்கின் ஒளியில் விளிம்பு பொத்திக் கொண்டிருக்கிறாள். காலையில் அவள் நம் வாசலுக்கு வருவாள். அவள் சொல்லும் விலையைக் கொடுத்து, அப்பெட்டியை இரு கைகளாலும் வாங்கிக் கொள்வோம். திருக்குடும்பம் நம் இல்லங்களைக் காப்பதாக.